மதிப்பெண்ணை விடுங்கள், தாள்களை எடுங்கள்

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் மொத்தம் 22 (நான்கு பாடங்களின் ஏஎல் தரங்களைக் கூட்டிய எண், குறைவாக இருந்தால் நல்லது), கணிதத்தில் எட்டுத் தரங்களில் ஐந்தாவதான ஏஎல்5. அதனால் மூன்று சேர்க்கைப் பிரிவுகளில் நடுவிலுள்ள போஸ்டிங் குரூப் 2இல் சேர்ந்தும் கணிதத்தை ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் மிகக் கடினமான ஜி3இல் எடுத்துப் படிக்கிறான். உயர்நிலை ஒன்று ஆண்டிறுதித் தேர்வில் 62. இந்த ஆண்டு முதல் தவணைத் தேர்வில் 58, அடுத்ததில் 51. பெற்றோர் சந்திப்பின்போது ஆசிரியர் கணினியைத் திருப்பி, பழைய மதிப்பெண்களை வரிசையாகக் காட்டி, "இவன் வந்த மதிப்பெண்ணுக்கு இது எதிர்பார்த்ததுதான்" என்றாராம். பழைய மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை இப்படி எடைபோடலாமா? வீட்டில் அதை வைத்து நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா? பேசாமல் ஜி2க்கு மாற்றிவிடலாமா? கடைசியில் ஒரு வரி: தமிழில் பேச்சு நன்றாக வருகிறது, மதிப்பெண் மட்டும் ஏறவில்லை, ஏன்?

உயர்நிலைப் பள்ளியில் பல காலம் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது வாரயிறுதிகளில் தொண்டூழியராகச் சில பிள்ளைகளோடு உட்காருகிறேன். சுருக்கமாகச் சொன்னால், பழைய மதிப்பெண் பிள்ளை எங்கே போய்ச் சேருவான் என்று சொல்லாது. எங்கே தடுக்கிறது என்று தேட ஒரு துப்பு தரும், அவ்வளவுதான். அந்தத் துப்பும் மதிப்பெண்ணில் இருப்பதைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் விடைத்தாளில்தான் அதிகம்.

முதலில் அந்த ஏஎல்5. 2021இல், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட டி-ஸ்கோரை எடுத்துவிட்டு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். ஏஎல்1 என்றால் 90உம் அதற்கு மேலும். ஏஎல்2, 3, 4 ஒவ்வொன்றும் ஐந்து மதிப்பெண் அகலம். ஏஎல்5 என்பது 65 முதல் 74 வரை. ஏஎல்6 எவ்வளவு பெரியது என்று பாருங்கள், 45 முதல் 64 வரை. ஆக, ஏஎல்6 வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே 19 மதிப்பெண் இடைவெளி இருக்கலாம். 64 வாங்கியவனுக்கும் 65 வாங்கியவனுக்கும் ஒரே மதிப்பெண்தான் வித்தியாசம், ஆனால் ஒருவன் ஏஎல்6, இன்னொருவன் ஏஎல்5. பிந்தையவன் உங்கள் மகனைப்போல் ஜி3 எடுக்கலாம், முந்தையவனுக்கு பிஎஸ்எல்இயை வைத்து அந்த வாய்ப்பு இல்லை. உங்கள் மகன் 65 வாங்கினானா 74 வாங்கினானா என்று உங்களுக்குத் தெரியாது. உண்மையான மதிப்பெண்ணைச் சொல்வதில்லை, விடைத்தாளும் வீட்டுக்கு வராது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை நுணுக்கி நுணுக்கித் தரம் பிரிக்கக் கூடாது என்றுதான் வேண்டுமென்றே அகலமாக வைத்தார்கள். பள்ளியில் சேர்க்க அது போதும். ஒரு பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் என்ன பிடிபடவில்லை என்று கண்டுபிடிக்கப் போதாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் நெகடிவ் எண்களே கிடையாது. அல்ஜீப்ராவும் பெயருக்குக் கொஞ்சம்தான். பெட்டி வரைந்து பங்கு பிரித்துப் போடும் மாடல் முறையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, உயர்நிலை ஒன்றில் திடீரென்று கழித்தல் குறியோடும் எக்ஸ், ஒய்யோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு நீண்ட இடைவெளி வேறு. பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு அக்டோபர் தொடக்கத்தில் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்தால், ஜனவரி வரை யார் அதைத் திறக்கிறார்கள்? ஆகவே, உயர்நிலை இரண்டில் இருக்கும் ஒரு பையன் நெகடிவ் எண்களில் தடுமாறுவதை, அவன் நெகடிவ் எண்ணே பார்க்காத வயதில் எழுதிய தேர்வை வைத்து "எதிர்பார்த்ததுதான்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த அட்டவணை அப்படித்தான் பேசும். முந்தைய மதிப்பெண்ணுக்கும் பிந்தைய மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஒரு முழு வகுப்பை எடுத்துக்கொண்டால், மேலே நுழைந்தவர்கள் பெரும்பாலும் மேலேயே இருப்பார்கள். ஆனால் கூட்டத்துக்குப் பொருந்துவதை ஒரு தனிப் பிள்ளையின் தலையில் வைக்க முடியாது. ஏஎல்5ஓடு ஜி3 கணிதத்துக்கு வந்து மிக உயர்ந்த தரமான ஏ1 வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஏஎல்2ஓடு வந்து திணறியவர்களையும் பார்த்திருக்கிறேன். முந்தைய முடிவுகளை வைத்து ஒரு பள்ளி செய்ய வேண்டிய வேலை, எதிர்பார்த்ததற்குக் கீழே யார் சறுக்குகிறார்கள் என்று சீக்கிரமே கண்டுபிடித்துக் கை கொடுப்பது. கீழே இருப்பவனை அங்கேயே விட்டுவைக்க அது ஒரு சமாதானமாக ஆகிவிடக் கூடாது.

சரி, 62, 58, 51. இது சரிவா?

கேட்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் முதல் எண் ஓராண்டுப் பாடம் முழுவதையும் சோதித்த தேர்வு. மற்ற இரண்டும் ஒரு தவணைக்குள் நடத்திய சின்னத் தேர்வுகள், இரண்டோ மூன்றோ அத்தியாயங்கள் மட்டும். இப்படிப்பட்ட தேர்வுத்தாள் 40 மதிப்பெண்ணுக்கு என்று வைத்துக்கொள்வோம். 40க்கு 23 எடுத்தால் 58 விழுக்காடு, 20.5 எடுத்தால் 51. ஆக, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த ஏழு விழுக்காடு, உண்மையில் இரண்டரை மதிப்பெண். ஒரு கணக்கில் கடைசி இரண்டு வரி எழுத நேரமில்லாமல் போனாலே அவ்வளவு போய்விடும். வீட்டு எடை இயந்திரத்தில் காலையில் ஏறினால் ஓர் எடை, சாப்பிட்டுவிட்டு ஏறினால் வேறோர் எடை. அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. மதிப்பெண்ணிலும் அந்த ஆட்டம் உண்டு.

அதோடு, ஒவ்வொரு தாளின் கடினமும் வேறு. வகுப்பில் பெரும்பாலானோர் 45 வாங்கிய தாளில் இவன் 51 என்றால் கதையே வேறு. முன்பு அறிக்கைப் புத்தகத்தில் வகுப்பின் சராசரியும் நிலையும் அச்சாகியிருக்கும், கீழே போன மதிப்பெண் சிவப்பில் நிற்கும். 2019இலிருந்து அதெல்லாம் போய்விட்டது. அரையாண்டுத் தேர்வும் 2023ஆம் ஆண்டோடு எல்லா நிலைகளிலும் போய்விட்டது. நல்லதுதான், ஒப்பிட்டு நொந்துபோவது குறைந்தது. ஆனால் பெற்றோர் கையில் இருப்பது ஒரு வெறும் எண், அது பெரியதா சின்னதா என்று அளக்க ஒன்றுமில்லை. எனவே சந்திப்பில் நேராகக் கேளுங்கள்: இந்தத் தாள் எல்லோருக்கும் கடினமாக இருந்ததா? எந்தக் கேள்விகளில் வகுப்பே விழுந்தது, எந்தக் கேள்விகளில் இவன் மட்டும் விழுந்தான்? பிற பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. இந்த அளவுக்குப் பதில் சொல்வார்கள்.

தொடக்கப்பள்ளியில் 85 வாங்கியவன் இப்போது 68 வாங்குகிறானே என்று சிலர் ஒப்பிடுவார்கள். அங்கே 85 என்பது ஏஎல்2. இங்கே ஜி3 தாளில் 75ஐத் தொட்டாலே ஏ1, 65ஐத் தொட்டால் பி3. இரண்டு வேறு அளவுகோல்களில் அளந்த எண்களை ஒரே கோட்டில் போட்டு வரைபடம் வரைந்தால் சரிவு தெரியாமல் வேறு என்ன தெரியும்?

இனி முக்கியமான வேலை. மகனுடைய பழைய விடைத்தாள்களைத் தேடி எடுங்கள். உயர்நிலை ஒன்று ஆண்டிறுதி, இந்த ஆண்டின் இரண்டு தாள்கள், போதும். பள்ளிப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். சாப்பாட்டு மேசையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவையுங்கள். மேலே வட்டம் போட்ட மதிப்பெண்ணை மடித்துவிடுங்கள், உண்மையாகவே மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண் அங்கேயே போகும். பிறகு ஆசிரியர் சிவப்பு மையில் கோடிட்ட இடங்களை மட்டும் பாருங்கள்.

என்ன தெரியவரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என்னிடம் வந்த ஒரு பையனின் மதிப்பெண்ணும் இப்படித்தான் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் தாளில் 5 − 2(எக்ஸ் − 3) என்பதை விரித்து 5 − 2எக்ஸ் − 6 என்று எழுதியிருந்தான். +6 என்று வந்திருக்க வேண்டும். இரண்டாவது தாள் காரணிப்படுத்துதல். −3எக்ஸ் + 12 என்பதற்கு −3(எக்ஸ் + 4) என்று விடை. உள்ளே கழித்தல் வந்திருக்க வேண்டும். மூன்றாவது தாளில் இரட்டைச் சமன்பாடுகள்: 3எக்ஸ் + 2ஒய் = 12, 3எக்ஸ் − ஒய் = 3. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3ஒய் = 9 வரும், ஒய் 3, எக்ஸ் 2. இவன் 2ஒய்யிலிருந்து ஒய்யைக் கழித்து ஒய் = 9 என்று போட்டுவிட்டான். அதற்குப் பிறகு எல்லாமே கோணல், எக்ஸ் −2 ஆகிவிட்டது. அட்டவணையில் பார்த்தால் மூன்று வெவ்வேறு அத்தியாயங்கள், மூன்றிலும் பலவீனம். தாள்களைப் பார்த்தால் மூன்றிலும் ஒரே பூதம்: அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் உள்ளே இருக்கும் கழித்தலை என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்றாவது தாளில் அவன் இழந்ததில் பாதிக்குமேல் இந்த ஒரு காரணத்தால் போனது.

7 − (−2) எவ்வளவு என்று கேட்டேன். பட்டென்று 9 என்றான். விதி வாயில் இருக்கிறது. பிறகு 4 − 2(3 − 5) என்று எழுதிக்கொடுத்து, முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதை முடித்துவிட்டுப் போடச் சொன்னேன். 8 வந்தது, சரி. அதையே விரித்துப் போடச் சொன்னேன். 4 − 6 − 10 என்று எழுதி −12 என்றான். ஒரே கணக்கு, இரண்டு விடை. தாளையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "சார், அப்போ எது தப்பு?" என்றான். அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வரத்தான் இவ்வளவும். அதற்குப் பிறகு சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமில்லை. எழுத்துகளை எடுத்துவிட்டு எண்களில் விரித்துப் பழகினான், விடையைத் தானே சரிபார்த்துக்கொண்டான், அப்புறம் எழுத்துக்கு வந்தான்.

இந்த மாதிரிப் பிழைக்கு நம் வீடுகளில் "கேர்லெஸ்" என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பிள்ளைகளும் அதையே விரும்புவார்கள், ஏனென்றால் கவனக்குறைவு என்றால் தனக்குத் தெரியும் என்று பொருள், மானம் காக்கும். ஒருமுறை வந்தால் கவனக்குறைவுதான். ஒரே பிழை மூன்று தாளில் வந்தால் அது புரியாத இடம். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு தாள் போதாது, பழையதும் வேண்டும். பழைய தாள்களைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லாப் பிழையும் ஒரே பூதமாக இருக்காது. சில பிள்ளைகளுக்குக் கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கும், முன்பக்கங்களில் அடித்து அடித்து எழுதியிருப்பார்கள். அது நேரப் பிரச்சினை, அல்ஜீப்ரா பயிற்சி கொடுத்துப் பயனில்லை. சிலருக்கு வெறும் கணக்கு எல்லாம் சரி, நான்கு வரிக் கதைக்கணக்கு வந்தால் மட்டும் சறுக்கும். கேள்வி ஆங்கிலத்தில் என்பதால், அங்கே பார்க்க வேண்டியது ஆங்கில வாசிப்பை. அந்தப் பிள்ளையின் அறிவியல் தாளிலும் விளக்கம் எழுதும் கேள்விகளில் மதிப்பெண் போயிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் போயிருக்கும். நம் வீடுகளில் பாடத்துக்கு ஒரு டியூஷன் என்று தனித்தனியாகப் பிரித்துவிடுவதால், இரண்டு பாடத்துக்கும் பொதுவான இந்தக் காரணம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கண்டுபிடித்ததை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேதி, எந்தத் தாள், எந்தப் பிழை, அவ்வளவுதான். எக்செல் அட்டவணையெல்லாம் வேண்டாம். பெற்றோர் எக்செல் போட ஆரம்பித்தால் பிள்ளை தாளை ஒளிக்க ஆரம்பிப்பான். முடிந்தால் அவனே எழுதட்டும். அடுத்த தாள் வரும்போது கேட்க வேண்டியது "எவ்வளவு?" என்பதல்ல, "போன முறை இருந்த பிழை இந்த முறை இருக்கிறதா?" மதிப்பெண் 53தான் வந்திருக்கலாம், ஆனால் கழித்தல் குறிப் பிழை ஒன்றுகூட இல்லையென்றால், வேலை நடந்திருக்கிறது. மதிப்பெண் பின்னாலே வரும், சில சமயம் ஒரு தேர்வு தள்ளி.

துணைப்பாட விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மிக மோசமாகச் செய்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி தேர்வு வையுங்கள், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலேயே சராசரி ஏறும். முதல் தடவை அன்றைக்குக் காய்ச்சல், பயம், தெரியாத கேள்வி என்று துரதிர்ஷ்டம் சேர்ந்து கீழே போனவர்கள் அதில் இருப்பார்கள், அந்தத் துரதிர்ஷ்டம் மறுமுறையும் அப்படியே வராது. "40இலிருந்து 60" என்று சுவரொட்டியில் போடும் கதைகளில் கொஞ்சம் இந்த வகை. நீங்கள் எந்த வகுப்பில் சேர்த்தாலும் அந்த மூன்று தாள்களையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு பயிற்சித்தாள் கட்டை நீட்டுகிறார்கள் என்றால், வேறு இடம் பாருங்கள்.

செலவு தாங்காது என்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளை விசாரியுங்கள், கட்டணம் குறைவு. 1980களில் இந்தியப் பிள்ளைகளின் தேர்வு முடிவுகள், குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்கியிருந்ததைச் சமூகம் உட்கார்ந்து அலசியதால்தான் 1991இல் அந்தச் சங்கமே பிறந்தது. பள்ளியிலும் பாடநேரத்துக்குப் பின் கூடுதல் வகுப்பு, ஆசிரியரைத் தனியாகச் சந்திக்கும் நேரம் எல்லாம் உண்டு. உங்கள் மகன் தானாகப் போய் நிற்க மாட்டான், அந்த வயதுப் பையன்கள் போக மாட்டார்கள். "அடைப்புக்குறியை விரிப்பதில் அவனுக்குக் குழப்பம், இந்த மூன்று கேள்விகளைப் பாருங்கள்" என்று நீங்களே ஆசிரியருக்கு எழுதுங்கள். "மகன் கணக்கில் வீக், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வரும் செய்திக்கு எந்த ஆசிரியரும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் குறிப்பாக எழுதினால் அடுத்த நாளே கூப்பிட்டு உட்காரவைப்பார்.

ஜி2க்கு மாற்றுவது பற்றி. இந்த மூன்று எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தாள்களைப் பார்த்த பிறகு, பிழைகள் ஒன்றிரண்டு இடங்களில் குவிந்திருந்தால் ஜி3இலேயே விட்டு அவற்றைச் சரிசெய்யுங்கள். அல்ஜீப்ரா நிமிர்ந்தால் உயர்நிலை மூன்றில் ஏ மேத்ஸ் என்ற கூடுதல் கணிதப் பாடத்தை எடுக்கும் யோசனைக்கும் இடமிருக்கும். ஆனால் பின்னம், விகிதம், விழுக்காடு என்று தொடக்கப்பள்ளிப் பாடங்களிலேயே எல்லாப் பக்கமும் ஓட்டை, கணக்கோடு போராடியே மற்ற மூன்று பாடமும் கெடுகிறது என்றால், ஜி2 அவனுக்கு மூச்சுவிட இடம் தரும். அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் பேசக் கூடாது, குறிப்பாகத் தாத்தா பாட்டி முன்னால். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளி முடிவில் ஓ நிலை, என் நிலை என்று தனித்தனித் தேர்வு கிடையாது. 2027 முதல் ஒரே சான்றிதழ், ஒவ்வொரு பாடமும் அது எழுதப்பட்ட நிலையோடு அதில் இருக்கும். ஒரு பாடத்தில் நிலை மாறுவதால் பிள்ளையே ஒரு படி இறங்கிவிட்டான் என்ற பழைய கணக்கு இனி ஓடாது. எப்போது மாற்றலாம், திரும்ப மேலே போக என்ன மதிப்பெண் கேட்பார்கள் என்பதை மட்டும் பள்ளியில் முன்கூட்டியே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அத்தை மகள் ஏஎல் எவ்வளவு, மாமா பையன் எந்தப் பள்ளி என்று தீபாவளி விருந்தில் எடுத்துவிடுவார்கள் பாருங்கள், அந்தப் பேச்சில் நீங்கள் சேராதீர்கள். பிஎஸ்எல்இ எண்ணை இரண்டு ஆண்டு கழித்தும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். "நான் 22 சார்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள்.

கடைசியாகத் தமிழ். இங்கும் மொத்த மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிஎஸ்எல்இ தமிழில் 200 மதிப்பெண்ணில் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த 70இல் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதி 130 கட்டுரையும் மொழிப்பயன்பாடும் கருத்தறிதலும். பேச்சு தாங்கிப் பிடித்ததால் எழுத்தில் இருந்த பலவீனம் அந்த மொத்த மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருந்திருக்கலாம். உயர்நிலையில் பனுவல்கள் நீளும்போது அது வெளியே வரும். அவனுடைய தமிழ்த் தாளில் மதிப்பெண் போனது கட்டுரையிலா, கருத்தறிதலிலா என்று பாருங்கள். கட்டுரை என்றால், வாய்மொழித் தேர்வில் அவன் சரளமாகச் சொன்ன ஒரு தலைப்பையே எடுத்து, சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பேசும்போது வந்த கருத்துகள் எழுதும்போது எங்கே தொலைகின்றன என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.